இரண்டு பிராக்கெட்டும் ஓர் உள்ளங்கையும்

படகுப் பட்டறையில் அவருக்குப் பெயர் உள்ளங்கை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்ற இடங்களில் அதற்கு வேலை இருக்கவில்லை.

ஏரிக்கரையில் தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையில், எஞ்சின் வேலை முடிந்த எந்தப் படகும் அவருடைய வலது கையைத் தாண்டி வெளியே போனதில்லை. படகைத் தண்ணீரில் ஓட்டச் சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்க் குந்தி, கண்ணை மூடிக்கொண்டு, தரைப்பலகையில் கையை விரித்து வைப்பார். பலகைக்குக் கீழே, எஞ்சினிலிருந்து படகைத் தள்ளும் விசிறிக்குப் போகிற இரும்புத் தண்டு, ஷாஃப்ட், சுற்றிக்கொண்டிருக்கும். அது எப்படிச் சுற்றுகிறது என்று பலகை கைக்குச் சொல்லும், கை அவருக்குச் சொல்லும், அவர் ஊருக்குச் சொல்வார். தீர்ப்பு மூன்றே ரகம்: பட்டு, பருத்தி, சாக்கு. பட்டு என்றால் வேலை முடிந்தது, காபி சொல்லலாம். பருத்தி என்றால் ஓடும், ஆனால் மனசு ஒப்பவில்லை. சாக்கு என்றால் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு மறுபடி ஸ்பானரைத் தேட வேண்டியதுதான்.

துணிக் கணக்கில் தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறை முழுக்க அவளுடைய ராஜ்யம்: ஜன்னலோரம் மெஷின், சுவரில் கத்தரித்த காகித மாதிரிகள், மூலையில் அளவு பார்க்க நிற்கும் தலையில்லாத பொம்மை. உள்ளங்கைக்கு அந்த அறையில் சொந்தமாக ஓர் ஆணி இருந்தது, சாவி மாட்ட.

பட்டறையில் அவருக்கு இருந்த ஒரே விமர்சகர் அவளுடைய தம்பி. பெயிண்டர். வார்னிஷ் பிரஷ்ஷை ஒரு கையிலும் அடுத்தவர் குறையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு திரிகிற ஆள்.

“மாமா கண்ணை மூடுற அழகைப் பாருங்க. அங்க ஷாஃப்ட் சுத்துது, இங்க தூக்கம் சுத்துது” என்பான்.

“நீ பெயிண்ட் அடிச்ச பக்கம் எதுன்னு கண்ணைத் திறந்து பார்த்தாலே தெரிய மாட்டேங்குது மாப்ளே. முதல்ல அதைப் பாரு” என்பார் இவர்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் சத்தமில்லாமல் ஒரு சக்கரம் கழன்றது. விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. முதலில் கையுறை போட்ட மாதிரி இருந்தது. பிறகு, யாரோ ஒருவருடைய கையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்ட மாதிரி ஆயிற்று. ஆயுசெல்லாம் கிரைண்டரும் டிரில்லும் பிடித்து அதிர்ந்த கை. அது இனி அதிர்ச்சியடைவதில்லை என்று முடிவு செய்துவிட்டது போலும். தரையில் விழுந்த வாஷரைப் பார்த்து எடுப்பார், எடுத்த பிறகும் எடுத்தோமா என்று பார்ப்பார்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. தொண்டை கட்டிய பாடகர் வெந்நீர் குடித்துக்கொண்டே அதை ஊருக்கெல்லாம் சொல்லலாம். ஊரே ஐயோ பாவம் என்னும். கை மரத்த உள்ளங்கையை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? பட்டறை அவரை வெளியே போகச் சொல்லியிருக்காது. ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லியிருக்கும். அந்த நாற்காலிக்குத்தான் அவர் பயந்தார்.

வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. ஒருநாள் காலை அடுப்படியில் மனைவி காபியை டம்ளரில் ஊற்றி நீட்டினாள்.

“சூடா இருக்குங்க. துணியால பிடிங்க.”

“தெரியும்” என்று சொல்லி, தெரியாமல், வெறும் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பச்சைத் தண்ணீரைப் பிடித்த மாதிரி சாவகாசமாக நின்றார். அவள் டம்ளரைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், முன்னறைக்குப் போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். கவனிக்காத பெண்சாதி என்று ஒரு வகை இருப்பதாக இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் புருஷர்களில் அவரும் ஒருவர்.

அவருக்கு இரண்டு ஆறுதல்கள் இருந்தன. ஒன்று, சட்டைப் பட்டன்கள். கொஞ்ச காலம் காலையில் பட்டன் போடுவதே மல்யுத்தமாக இருந்தது. சமீபமாகப் பட்டன்கள் சொன்னபடி கேட்டன. விரல் தேறி வருகிறது என்று எடுத்துக்கொண்டார். இரண்டு, உள்ளங்கை. நுனிகள் போனாலும் நடுப்பகுதி பத்திரம் என்று சோதித்தே வைத்திருந்தார். மனைவி தைக்கும்போது மெஷின் மேஜையோடு மேஜையாகச் சாய்ந்து நின்று, ஏதோ பேச்சுக் கொடுக்கிற சாக்கில் மேஜை மேல் கையை வைப்பார். கடகடவென்று அதிர்வு நன்றாகவே வந்தது.

“வெளிச்சத்தை மறைக்காதீங்க” என்பாள் அவள்.

இந்த நிலைமையில்தான் பல் டாக்டரின் படகு வந்து சேர்ந்தது.

நல்ல பழைய மரப் படகு அது. நீளமான மூக்கு, பித்தளை வளையம் போட்ட விளக்குகள், தேன் நிறத்தில் பலகைகள். டாக்டர் பல் ஆஸ்பத்திரியை மூடிய கையோடு வாங்கியிருந்தார். எப்போதும் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, எதிரே நிற்பவர் சிரித்தால் பல்லை எண்ணுகிற கண்ணோடு பார்ப்பார். படகு வேகமெடுத்தால் அடியில் ஏதோ கடமுட என்கிறது என்பது புகார்.

வின்ச்சில் கட்டி இழுத்துக் கரையேற்றி, முட்டுக்கட்டைகள் கொடுத்து நிறுத்தினார்கள். உள்ளங்கை அடியில் மல்லாந்து படுத்துப் பார்த்தார். படகின் அடிப்பக்கம் ஷாஃப்ட் வெளியே வந்ததும் அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு வெண்கல பிராக்கெட்டுகள்: நடுவில் சின்னது ஒன்று, விசிறிக்கு முன்னால் பெரியது ஒன்று. சுத்தியால் லேசாகத் தட்டினார். வெண்கலம் என்றால் மணி மாதிரிக் கணீர் என்று பேச வேண்டும். இது மரக்கட்டை மாதிரி ‘டொக்’ என்றது. அரத்தால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் ரோஜா நிறம். படகு முன்பு கடலில் ஓடிய காலத்திலேயே உப்பும் மின்சாரமும் சேர்ந்து உள்ளேயே தின்றுவிட்டிருந்தன.

டாக்டர் குனிந்து எட்டிப் பார்த்தார். “சொத்தையா?”

“வேரோட போச்சு டாக்டர். ரெண்டுமே.”

“அடைச்சுப் பார்க்க முடியாதா?”

“முடியாது. பிடுங்கித்தான் ஆகணும்.”

டாக்டர் முகம் மலர்ந்தது. தொழிலில் இருந்த காலமெல்லாம் தான் சொன்னதை இன்னொருவர் வாயால் கேட்பதில் ஒரு சுகம். “வலிக்குமா?” என்றார்.

“உங்களுக்குத்தான்” என்றான் பெயிண்டர் ஏணி மேலிருந்து.

பிடுங்குவது லேசில் நடக்கவில்லை. போல்ட்டின் தலை படகுக்கு வெளியே, நட்டு உள்ளே. ஒரே ஆளால் இரண்டு பக்கமும் இருக்க முடியாது. உள்ளே குடலோடு குடலாகச் சுருண்டு பெயிண்டர் நட்டைப் பிடிக்க, வெளியே உள்ளங்கை திருக, இருவருக்கும் நடுவே ஒரு மரப்பலகை. நிறையக் குடும்பங்களில் இப்படித்தான் பேச்சுவார்த்தை நடக்கிறது.

“பிடிச்சிருக்கியா?”

“பிடிச்சிருக்கேன்!”

“சுத்துதே!”

“நீங்க சுத்துனா சுத்தாதா மாமா?”

“நட்டு சுத்துதுன்னு சொல்றேன்டா!”

நெருப்புக் காட்ட முடியாது, மரம். எண்ணெய் விட்டு ஊறப் போட்டார்கள், தட்டினார்கள், மறுபடி ஊறப் போட்டார்கள். கடைசியில் ஒவ்வொன்றாக முனகிக்கொண்டு வெளியே வந்தன. அந்தப் பழைய பிராக்கெட்டுகளையே மாதிரியாக வைத்து வார்ப்புக்காரர் புதிதாக இரண்டு ஊற்றிக் கொடுத்தார். கடைசல் பட்டறையில் துளை கடைந்து, உள்ளே தண்ணீர் ஓட வரி போட்ட ரப்பர் உருளை, புஷ், இறக்கி வந்தன. தட்டினால் இரண்டும் கணீர் என்றன. டாக்டர் வீட்டுக்குப் போகிறவர் திரும்பி வந்து இன்னொரு தடவை தட்டிக் கேட்டுவிட்டுப் போனார்.

பொருத்தும் வேலையை உள்ளங்கை அழகாகச் செய்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். எஞ்சினின் பின்முகத்தில் உள்ள வட்டத் தட்டின் நடுப்புள்ளியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றைக் கட்டி, படகின் துளை வழியே வெளியே எடுத்து, இரண்டு பிராக்கெட் வழியாகவும் விட்டு, முறுக்கிப் பிடித்தார். கம்பி இரண்டு புஷ்ஷிலும் நட்டநடுவே போகும்வரை பிராக்கெட்டுக்கும் படகுக்கும் நடுவில் வைக்கும் மரத்துண்டைச் சீவிச் சீவி வைத்தார். சீவல் சுருள் சுருளாக விழுந்தது. பசை தடவி போல்ட்டை முறுக்கியபோது நாலு பக்கமும் ஒரே அளவில் பசை பிதுங்கியது. இதெல்லாம் கண்ணும் தோளும் செய்கிற வேலை. இரண்டும் அவரிடம் முழுசாக இருந்தன.

மிச்சம் இருந்தது கப்ளிங். அங்கேதான் விரல் வேண்டும்.

எஞ்சின் பக்கம் ஒரு வட்டத் தட்டு, ஷாஃப்ட் பக்கம் ஒரு வட்டத் தட்டு. இரண்டும் முகத்தோடு முகம் பொருந்தி உட்கார வேண்டும். நடுவே ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய இரும்பு இலையை நுழைத்து மேலே, கீழே, இடம், வலம் என்று உருவிப் பார்ப்பார்கள். எல்லாப் பக்கமும் இலை ஒரே மாதிரி உரசினால் ஷாஃப்ட் நேராக ஓடும். இதைப் படகு தண்ணீரில் இறங்கி, ஊறி, உட்கார்ந்த பிறகுதான் செய்ய வேண்டும் என்பது உள்ளங்கை வகுத்த சட்டம். கரையில் முட்டுக்கட்டை மேல் நிற்கும் மரப்படகின் உடம்பு ஒரு மாதிரி இருக்கும், தண்ணீர் தாங்கும்போது வேறு மாதிரி இருக்கும். “கரையில நிக்கிற படகு போட்டோவுக்கு வயித்தை எக்கிட்டு நிக்கிற ஆளு மாதிரி. மூச்சு விட்டப்புறம்தான் அளவெடுக்கணும்” என்று அவர் சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது.

அந்த ஆள்தான் இந்தத் தடவை, படகு கரையில் இருக்கும்போதே கப்ளிங்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

காரணம் வெளிச்சம். பட்டறையின் பெரிய கதவு வழியாக மத்தியான வெயில் நேரே படகுக்குள் இறங்கியது. தட்டுகளுக்கு நடுவே கண்ணாடியைப் பிடித்தால் இடைவெளி வெள்ளிக் கோடாகத் தெரிந்தது, கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். தண்ணீரில் இறக்கினால் கூரையடித்த படகுத்துறை, இருட்டு, ஆட்டம். ஆடுகிற படகில் கண் ஏமாறும், விரல்தான் சாட்சி. அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்ற அவருக்குப் பயம்.

ஏணியில் இருந்த பெயிண்டரின் பிரஷ் பாதியில் நின்றது.

“மாமா... தண்ணியில இறக்காமலேயே கப்ளிங்கை மூட்டுறீங்க?”

“நல்ல வெளிச்சம் இருக்கு மாப்ளே.”

“வெளிச்சமா? போட்டோ, வயிறு, மூச்சு, அதெல்லாம்?”

“அது மத்த படகுக்கு. இது கெட்டியான மரம்.”

பெயிண்டர் பிரஷ்ஷை மறுபடி டப்பாவில் தோய்த்தான். சட்டம் போட்டவரே சட்டத்தை மீறினால் அதற்குச் சட்டத் திருத்தம் என்று பெயர். அரசாங்கங்களே அப்படித்தான் நடக்கின்றன, பட்டறை நடக்கக் கூடாதா? ஆனால் மாமா எண்ணெய்த் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே இருந்ததை அவன் பார்த்தான். துடைப்பதற்கு விரலில் ஒன்றும் இல்லை.

படகைத் தண்ணீரில் இறக்கி ஊற விட்டார்கள். பலகைகள் உப்பி, இடுக்குகள் அடைந்து, கசிவு நின்றது. சோதனை ஓட்டத்துக்கு டாக்டர் எல்லாரையும் அழைத்தார். தையல்காரியும் வர வேண்டியிருந்தது. ஆசனங்களுக்குப் புது உறை தைத்தவள் அவள்தான், மாட்டிப் பார்க்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் காபியும் டம்ளர்களும் கொண்டு வந்திருந்தாள்.

டாக்டர் ஸ்டியரிங் பிடித்தார். ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. கரையிலிருந்து விலகியதும் வேகம் கூட்டினார்கள். உள்ளங்கை, கனமான ரப்பர் பூட்ஸோடு பின்பக்கம் போனார். குந்தினார். கண்ணை மூடினார். கையை விரித்துப் பலகை மேல் வைத்தார்.

எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

கை மௌனமாக இருந்தது. ஒரு துடிப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு அமைதியை அவர் சந்தித்ததில்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு பரவியது.

“பட்டு” என்றார். “சுத்தமான பட்டு.”

அவர் கண்ணைத் திறந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் எதிரே பலகை மேல் வைத்திருந்த காபி டம்ளர் ஒன்று, யாரும் தொடாமல், தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தது. அவருடைய கைக்குப் பக்கத்தில் வந்து, நின்று, யோசித்து, பிறகு விரலைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. பெயிண்டரின் கன்னச் சதை ஆடியது. புது ஆசன உறையில் அவள் கோத்திருந்த பித்தளை ஜிப்பின் நாக்கு கிணுகிணுவென்று மணி அடித்தது.

பெயிண்டர் வாயைத் திறந்தான். “மாமா, இதுவா பட்...” அக்கா அவனைப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. பட்டறை சரித்திரத்தில் அவன் ஒரு கிண்டலைப் பாதியில் விழுங்கியது அன்றைக்குத்தான்.

டாக்டர் எஞ்சினை நிறுத்தினார். படகு நடு ஏரியில் தானாக மிதந்தது. தண்ணீர் பலகையை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். “கையை நீட்டுங்க.”

“எதுக்கு டாக்டர்?”

“நீட்டுங்க. வாயைத் திறக்கச் சொல்லல, சந்தோஷப்படுங்க. கண்ணை மூடிக்கோங்க. நான் எந்த விரலைத் தொடறேன்னு சொல்லணும்.”

உள்ளங்கை கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“மோதிர விரல்.”

“நான் இன்னும் தொடவே இல்ல.”

ஒரு பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனது. டாக்டர் கையைத் திருப்பி, நடுவில் சாவியின் முனையால் அழுத்தினார். “இப்ப?”

இன்னும் தொடவில்லை என்று நினைத்து, உள்ளங்கை கண்ணை மூடியபடியே காத்திருந்தார்.

“எவ்வளவு நாளா?”

“நுனி மட்டும்தான் டாக்டர். நடுவுல நல்லாத்தான் இருக்கு. வீட்டுல இவ மெஷின் மேஜையில வச்சுப் பார்த்தேனே, நல்லாத் தெரிஞ்சுது.”

“உங்க தொப்பை மேஜையில இடிச்சுக்கிட்டு இருந்துச்சு” என்றாள் மனைவி. “அதிர்ந்தது அதுதான். வெளிச்சத்தை மறைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்.”

அவர் அவளைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“சட்டையைப் பாருங்க.”

குனிந்து பார்த்தார். பட்டன்கள். அவர் எப்போதும் போடுகிற சட்டைதான். ஆனால் பட்டன் ஒவ்வொன்றும் கோட்டுக்குப் போடுகிற பெரிய ரகம். துளைகளும் அதற்கேற்ப அகலமாக வெட்டி, புதிதாக ஓரம் அடிக்கப்பட்டிருந்தன. ஒரு சட்டையில் இல்லை, அலமாரியில் இருக்கும் எல்லாச் சட்டையிலும் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“நான் விரல் தேறிடுச்சுன்னு நினைச்சேன்” என்றார்.

“நினைச்சுக்கட்டும்னுதான் நானும் விட்டேன்.”

அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “கரையில வச்சே கப்ளிங்கை மூட்டிட்டேன் டாக்டர். தண்ணியில இறக்கினா விரலால பார்க்கணும். அதான். படகு மேல தப்பில்ல, பிராக்கெட் மேலயும் தப்பில்ல. வேற நல்ல ஆளா ஒருத்தரைச் சொல்றேன், அவர் வந்து...”

“இருங்க, இருங்க” என்றார் டாக்டர். “பிராக்கெட் வச்சது யாரு?”

“நான்தான்.”

“கம்பி கட்டி நேர் பார்த்தது?”

“நான்தான்.”

“அப்ப மிச்சத்தையும் நீங்கதான் முடிக்கணும். பாதி பல்லைக் கட்டிட்டு மீதிக்கு இன்னொரு டாக்டரைப் பாருன்னு அனுப்பியிருந்தா அந்த ஆளு என்னைக் கடிச்சிருப்பான்.” கொஞ்சம் நிறுத்தி, “கைக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு, எனக்குத் தெரிஞ்சவர். அவரைப் பார்க்கப் போறீங்க. அது வேற விஷயம். முதல்ல படகு” என்றார்.

படகுத்துறையின் நிழலில், ஆடுகிற படகில், எஞ்சினுக்குப் பின்னால் கப்ளிங்கைத் திறந்தார்கள். உள்ளே ஓர் ஆள் நுழைய இடமில்லை. ஒரு கை நுழையலாம். பெயிண்டர் கையை விட்டுப் பார்த்தான்.

“எப்படி இருக்கு?”

“இரும்பு மாதிரி இருக்கு.”

“வெளிய எடு கையை” என்றார் உள்ளங்கை.

டாக்டர் தன் பழைய பெட்டியிலிருந்து நீளக் காம்பு வைத்த பல் கண்ணாடி ஒன்றைப் பெருமையோடு கொண்டு வந்து உள்ளே நீட்டினார். கண்ணாடியில் கப்ளிங் பூகம்பத்தில் மாட்டிய மாதிரித் தெரிந்தது.

“கண்ணாடி ஆடுது டாக்டர்” என்றான் பெயிண்டர்.

“ஆடாம இருந்தா நான் ஏன் ஆஸ்பத்திரியை மூடிட்டு படகு வாங்குறேன்?” என்றார் டாக்டர். சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பாக்கெட்டில் போட்டார். கையையும் வழக்கம்போல அதோடு சேர்த்துப் போட்டார். உள்ளங்கை அந்தப் பாக்கெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை நாளாகப் பாக்கெட் எதற்கு என்று புரிந்தது.

தையல்காரி அதுவரை ஆசன உறையின் மூலைகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வளையல்களைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தாள்.

“தள்ளுங்க. எதை எதுல விடணும்?”

“இது மெஷின் இல்லம்மா, எஞ்சின்” என்றார் அவர்.

“ரெண்டும் சுத்துது. ரெண்டையும் நேரா வைக்கலைன்னா நூல் அறுந்துடும். சொல்லுங்க.”

அவர் இலையை அவள் கையில் கொடுத்தார். அவள் பக்கவாட்டில் சரிந்து தோள்வரை கையை உள்ளே விட்டாள். கண்ணைத் தானாக மூடிக்கொண்டாள். அதைப் பார்த்த பெயிண்டர் ஏதோ சொல்ல வந்து, இந்தத் தடவை தானாகவே விழுங்கினான்.

“மேல விடு. மெதுவா உருவு. என்ன பண்ணுது?”

“முக்குது. ஜீன்ஸ் மடிப்புல ஊசி இறங்குற மாதிரி.”

“கீழ?”

“கீழ மல் துணி. வழுக்கிட்டுப் போகுது.”

“வலப்பக்கம்?”

“ரெண்டு மடிப்பு பருத்தி. இடப்பக்கமும் அதேதான். கொஞ்சம் இருங்க... ஆமா, அதேதான்.”

உள்ளங்கை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய விரல்களுக்கு எட்டாதது காது வழியாக வந்துகொண்டிருந்தது. ஜீன்ஸ் மேலே, மல் கீழே. எஞ்சின் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று அவருக்குக் கண்ணுக்குள் படமாகத் தெரிந்தது.

“மாப்ளே, எஞ்சினைத் தாங்குற முன்பக்க நட்டு ரெண்டையும் இறக்கு. அரைச் சுத்து. அரைன்னா அரை. உன் வீட்டு அரை இல்ல.”

“இறக்கியாச்சு.”

“இப்ப பாரும்மா.”

“மேல இப்ப போப்ளின். கீழ மல் கொஞ்சம் கெட்டியாச்சு.”

“இன்னும் கொஞ்சம் இறக்கு.”

“எவ்வளவு மாமா?”

அவர் மனைவியைப் பார்த்தார். “எவ்வளவு?”

“ஒரு நூல் அளவு” என்றாள் அவள், உள்ளே கையும் வெளியே மூடிய கண்ணுமாக.

“ஒரு நூல் அளவு” என்று தீர்ப்பை வழிமொழிந்தார் அவர். பெயிண்டர் ஸ்பானரை வைத்துக்கொண்டு, ஒரு நூல் என்றால் எந்த நூல் என்று முணுமுணுத்தபடியே திருகினான்.

சாயங்காலம் மறுபடி ஏரிக்குள் போனார்கள். வெயில் தணிந்திருந்தது. டாக்டர் மெல்ல வேகம் கூட்டினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை இரண்டாகக் கிழித்துப் போனது. ஜிப்பின் நாக்கு பேசவில்லை. டம்ளர் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. டாக்டர் இன்னொரு கையையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஸ்டியரிங்கில் வைத்தார். கை ஆடியது. ஸ்டியரிங் ஆடவில்லை.

“அவ்வளவுதான், முடிஞ்சுது!” என்றான் பெயிண்டர். “மாமா, சும்மா ஒரு மரியாதைக்குப் போய்க் கையை வைங்க. ஊர் வழக்கத்தை விட முடியுமா?”

உள்ளங்கை பின்பக்கம் போய்க் குந்தினார். கையை வைத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கை காலையில் இருந்த மாதிரியே மௌனமாக இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்து வந்து, சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள்.

எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“சொல்லட்டுமா?” என்றாள்.

“சொல்லு.”

“பட்டு இல்லீங்க.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். பெயிண்டர் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

“நல்ல பருத்தி. குறை சொல்ல முடியாது. ஆனா பட்டு இல்ல. டம்ளரைப் பாருங்க, அது நடக்கல. காபி முகம் சுளிக்குது.”

டாக்டர் ஸ்டியரிங்கிலிருந்தே கழுத்தை நீட்ட, மற்ற மூன்று பேரும் குனிந்து டம்ளருக்குள் பார்த்தார்கள். காபியின் மேல், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, மெல்லிய வட்டம் ஒன்று வந்து வந்து போனது.

“அக்கா! இதெல்லாம் ஒரு குறையா? படகுன்னா கொஞ்சம் ஆடத்தான் செய்யும்! டாக்டர், நீங்க சொல்லுங்க, உங்களுக்கு ஏதாவது தெரியுதா?”

“எனக்கு எப்பவுமே எல்லாம் ஆடுது, என்னைக் கேட்காதே” என்றார் டாக்டர்.

“இதுக்கு மாமாவே பரவாயில்ல போலிருக்கே!”

உள்ளங்கை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அந்தப் பழைய திருப்தியில்லாத களை வந்திருந்தது. எத்தனையோ வாடிக்கையாளர்களை அலற வைத்த களை.

“எந்தப் பக்கம்?” என்று மனைவியைக் கேட்டார்.

“இடப்பக்கம் சரிஞ்ச மாதிரி இருக்கு. மடிப்பு ஒரு பக்கம் தூக்கித் தைச்சா இழுக்குமே, அப்படி.”

“எனக்கும் அதான் சந்தேகம். இடப்பக்க நட்டு.” அவர் எழுந்து, காற்றுக்குக் கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொண்டார். பெரிய பட்டன், ஒரே தடவையில் போய் உட்கார்ந்தது. “டாக்டர், கரைக்குத் திருப்புங்க. மாப்ளே, ஸ்பானரை எடு.”

“இன்னிக்கேவா?”

“பருத்தியோட அனுப்பிட்டா நாளைக்கு என் பேரு என்ன ஆகும்?”

“யார் பேரு மாமா? உங்க பேரா, அக்கா பேரா?”

“கம்பெனி பேரு” என்றாள் அக்கா, வளையல்களுக்காகக் கையை நீட்டியபடி. கொடுக்கப் போனவனிடம், கொஞ்சம் யோசித்து, “நீயே வச்சுக்க. மறுபடி கழட்டணும்” என்றாள்.